பேரூர்க்கடையில் ஒரு வீடு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். ஆசிரியை வேலையிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். மகனுக்கு டெக்னோபார்க்கில் வேலை. நாங்களும் திருவனந்தபுரத்துக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறோம். பேரூர்க்கடைப் பக்கம் எட்டு சென்டில் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்திருக்கிறது. கிணறு உண்டு, முற்றத்தில் பெரிய பலா உண்டு, சுற்றிலும் ஒரே மரம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மகனோ, மரம் என்றால் பாம்பும் குப்பையும்தான், கழக்கூட்டத்தில் பிளாட் போதும் என்கிறான். வீட்டை விற்கிறவர் பலாவை வெட்டி இடத்தைச் சுத்தம் பண்ணித் தருவதாகச் சொல்கிறார். வெகுகாலமாக அந்தப் பக்கம் இருப்பவர் நீங்கள். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்குங்கள். ஆனால் பலாவை வெட்டத்தான் வேண்டும் என்றால் அந்த வீடு வேண்டாம். மகன் சொல்கிற பிளாட்டே போதும்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மியூசியம் வளாகம், கனகக்குன்னு, கவடியார் சாலை என்று சில இடங்களை விட்டுவிட்டால், இந்த நகரத்தின் பச்சை பெரும்பாலும் வீட்டுக்காரர்களுடையது. பேரூர்க்கடை, சாஸ்தமங்கலம், ஜகதி, பூஜப்புரை எல்லாமே மாடியில் ஏறி நின்று பார்த்தால் காடுபோலத்தான் தெரியும். அந்தக் காடு முழுக்க யாருடைய முற்றத்திலோ நிற்கும் பலாவும் மாவும் அயனியும் தென்னையும். இங்கே வீடு பறம்பின், அதாவது தோட்டத்தின், நடுவில் இருக்கும், சுற்றிலும் மரம் நிற்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் கரமனை, வலியசாலை அக்ரஹாரங்களுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், தெருவிலேயே வாசல், மரமும் கிணறும் பின்பக்கம். அதுவும் அழகுதான். ஆனால் பேரூர்க்கடையின் நிழல், முன்னால் இருந்தவர்கள் வெட்டாமல் விட்டதால் மட்டுமே நமக்குக் கிடைத்தது.

வெட்டுவது அத்தனை சுலபம். சாலையோரத்து மரம் என்றால் மரக் கமிட்டி பார்க்கும், ட்ரீ வாக் மாதிரியான குழுவினர் கேள்வி கேட்பார்கள், பத்திரிகையில் செய்தி வரும். சொந்த முற்றத்துப் பலாவை வெட்ட யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரம்பச் சத்தம் கேட்கும், மத்தியானத்துக்குள் வானம் தெரிய ஆரம்பித்துவிடும். எங்கள் சந்திலேயே ஒரு வீடு கைமாறியதும் அயனியும் இரண்டு மாவும் போயின. முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்தார்கள். துலாவர்ஷ மழையில் அந்த முற்றத்துத் தண்ணீர் மொத்தமும் சந்தில் இறங்கி, கீழே இருந்த வீட்டின் அடுக்களைக்குள் போனது. அந்த வீட்டில் வயதான இரண்டு பேர். அரிசிப் பானையைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டு அவர்கள் நின்றதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. 2023 அக்டோபரில் கௌரீசபட்டமும் கண்ணம்மூலையும் மூழ்கியபோது மேட்டில் இருந்த பலரும் அது பள்ளத்துக்காரர்கள் பாடு என்றுதான் இருந்தார்கள். மேட்டில் மண்ணுக்குள் இறங்காத தண்ணீர் வேறு எங்கே போகும்?

சரி, மகனுடைய பயத்துக்கு வருகிறேன். பாம்பு வரும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பலாவைத் தேடி வருவதில்லை. அடுக்கி வைத்த உடைந்த ஓட்டுக்கும் விறகுக்கும், அதில் குடியிருக்கிற எலிக்கும்தான் வரும். அவற்றை அப்புறப்படுத்தினாலே பாதிக் கவலை தீர்ந்தது. போனில் வனத்துறையின் சர்ப்பா செயலி இருக்கட்டும். பயிற்சி பெற்றவர்கள் வந்து பிடித்துப் போவார்கள். யாரும் கம்பைத் தூக்க வேண்டாம்.

குப்பை விஷயத்தில் அவன் சொல்வது உண்மை. பலா வருடம் முழுக்கச் சருகு உதிர்க்கும். தினமும் காலையில் தூத்து, தென்னை மூட்டில் கொண்டு போட வேண்டும். மே மாதத்திலேயே மரம் ஏறுகிறவரைக் கூப்பிட்டு, ஓட்டுக்கு மேலே சாய்ந்த கொப்புகளை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் ஆள் கிடைக்காது. கூரையோரத் தகரத்தில் ஒரு கைப்பிடி ஈரச் சருகு அடைத்துக்கொண்டால் போதும், தண்ணீர் திரும்பி உத்தரத்தில் இறங்கும். ஒரே மழைக்காலத்தில் உத்தரம் உளுத்துவிடும். மதிலில் பாசி பிடிக்கும், ஆப்பிரிக்க நத்தைகள் ஏறும். இந்த வேலைகளுக்கு உடம்பும் கொஞ்சம் பணமும் வேண்டும், அதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

சக்கை, அதாவது பலாப்பழம், கெட்டிச் சுளை வருக்கையா, குழைந்த சுளைக் கூழனா என்று விசாரித்தீர்களா? நாகர்கோவில்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை! எதுவாக இருந்தாலும் மாசி பங்குனியில் பிஞ்சு பறித்துத் துவரன், அப்புறம் எரிசேரி, பழுத்தால் பழம், கடைசியில் குரு என்கிற கொட்டை. ஒரு மரத்துச் சக்கையை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எங்கள் சந்தில் மலையாளமும் தமிழும் பேசுகிறவர்கள் பழகியது பெரும்பாலும் இந்தச் சக்கைத் துண்டங்கள் வழியாகத்தான்.

கிணறு பலாவைவிட முக்கியம். ஏப்ரல் கடைசியில் போய்த் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எட்டிப் பாருங்கள். கழிவுநீர்க் குழி கிணற்றிலிருந்து 7.5 மீட்டராவது தள்ளி இருக்கிறதா என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துத்தான். குழாய்த் தண்ணீர் அருவிக்கரை அணையிலிருந்து வருகிறது, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. 2024 செப்டம்பரில் நாகர்கோவில் ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் வேலைக்காகக் குழாயை மாற்றியபோது, நகரத்தின் பல வார்டுகளில் நாள்கணக்கில் தண்ணீர் இல்லை. கிணற்றை மூடாமல் வைத்திருந்தவர்கள்தான் அன்று சந்துக்கே குடம் கொடுத்தார்கள்.

இன்னொன்று, ஆசிரியை என்பதால் சொல்கிறேன். பள்ளியில் காலைதோறும் பிள்ளைகளோடு நின்று தமிழ்த்தாய் வாழ்த்து பாடியிருப்பீர்கள். அதை எழுதிய சுந்தரம் பிள்ளை இந்தப் பேரூர்க்கடைக் குன்றில் வாழ்ந்தவர். ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். தன்னை ஊக்குவித்த பேராசிரியர் ஹார்வியின் பெயரால் இங்கே தன் இடத்துக்கு ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். அவருடைய மனோன்மணீயம் நாடகம் வெளிவந்தது 1891இல். 1897இல், 42 வயதில் காலமானார். அந்த நாடகத்தின் வாழ்த்துப் பாடல் தமிழ்நாட்டின் அரசு விழாக்களுக்கு உரியதானது 1970இல். அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும், மனம் நிறையும். தமிழுக்காக ஏங்கிப்போவோமோ என்ற கவலை வேண்டாம். சாலை பஜாரில் தமிழிலேயே பேரம் பேசி முடிக்கலாம்.

கடைசியாக, அவசரமான ஒன்று. வீட்டுக்காரர் சுத்தம் பண்ணித் தருகிறேன் என்றாரே, அது இங்கே வழக்கம். பத்திரப் பதிவுக்கு முன்னாலேயே மரத்தைத் தடிக்கு விற்றுவிடுவார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அவரிடம் பேசுங்கள். பலாவும் கிணறும் இருக்கிறபடியே கைமாற வேண்டும் என்று அக்ரிமென்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லில் விடாதீர்கள்.

அன்புடன்
அண்ணாச்சி