இறங்கிய இடம்: கடல்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போனது ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது மாலுமியின் கப்பல் வேலைப் பதிவேடு மட்டும்தான். ஏறிய தேதி, இறங்கிய தேதி, வரிக்கு இரண்டு முத்திரைகள். போரைப் பற்றி வீட்டில் அவர் வாயே திறந்ததில்லை. இவரைப் போன்ற சரக்குக் கப்பல் மாலுமிகளையும் போரில் நின்றவர்களாகக் கருதலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கருதத்தான் வேண்டும். அந்தப் புத்தகத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள். இரண்டு முத்திரைகளில் ஒன்று வேலைத்திறனுக்கு, மற்றது நடத்தைக்கு. பெரும்பாலும் ‘மிக நன்று’ என்றுதான் இருக்கும். டார்பிடோ பட்டு மூழ்கிய கப்பல் என்றால், இறங்கிய இடத்தில் துறைமுகத்தின் பெயர் இருக்காது. ‘கடலில்’ என்று எழுதியிருப்பார்கள்.

அந்த ஒரு சொல்லுக்குள் சம்பளக் கணக்கும் இருக்கிறது. கப்பல் மூழ்கினால் ஒப்பந்தம் முடிந்தது. 1941 மே மாதம் விதி மாறும்வரை பல கம்பெனிகளில் பிரிட்டிஷ் மாலுமிக்கு அன்றோடு சம்பளம் நின்றது. உயிர்காப்புப் படகில் துடுப்பு வலித்த நாட்களுக்குக் காசு கிடையாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகளின் நிலை இன்னும் மோசம். வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. 1939-இல் போர் தொடங்கியதும் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள், ஆனாலும் சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது.

பூன் லிம் என்ற சீனரையும் சொல்ல வேண்டும். பென்லோமண்ட் என்ற சரக்குக் கப்பலில் பணியாளராக இருந்தவர். 1942 நவம்பரில் அட்லாண்டிக்கில் கப்பல் மூழ்கியது. ஒரு மரத்தெப்பத்தில் தன்னந்தனியாக 133 நாள். டார்ச் விளக்குக்குள் இருந்த கம்பியை வளைத்துத் தூண்டில் முள் செய்தார். பெரிய மீனுக்கு அது போதவில்லை. தெப்பத்தின் பலகையிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி இன்னொரு முள் செய்தார். மழை பெய்தால்தான் குடிக்கத் தண்ணீர். பிரேசில் கரைக்கு அருகே மீனவர்கள் அவரைத் தூக்கினார்கள். கரை சேர்ந்ததும் யார் துணையும் இல்லாமல் நடந்தார். பிரிட்டன் அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

சரி, அப்புறம்? அவரைப் போலவே பிரிட்டிஷ் கப்பல்களில் உழைத்த சீன மாலுமிகள் ஆயிரக்கணக்கில் லிவர்பூலில் தங்கியிருந்தார்கள். அங்கேயே கல்யாணம் செய்து பிள்ளை பெற்றவர்களும் உண்டு. 1945 அக்டோபரில் அவர்களைத் திருப்பி அனுப்ப உள்துறை அலுவலகத்தில் முடிவானது. போலீஸ் தங்கும் விடுதிகளில் தேடிப் பிடித்துக் கப்பலில் ஏற்றியது. மனைவிமாருக்குச் சொல்லக்கூட இல்லை. கணவன் விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றே பல பெண்கள் நம்பினார்கள். உண்மை அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தெரியவந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கே தலை நரைத்திருந்தது.

உங்கள் தாத்தா ஏன் பேசவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் புத்தகத்தில் எந்த வரியிலாவது ‘கடலில்’ என்று இருக்கிறதா? பார்த்து எழுதுங்கள்.