டீச்சரைக் கேளுங்கள்: பேரன் ஹவாய்மொழியில் படிக்கலாமா?

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். என் மகள் அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், ஹொனலூலுவில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை ஹவாய் பூர்வகுடியைச் சேர்ந்தவர். பேரனுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. அவனை அரசாங்கப் பள்ளியில் ஹவாய்மொழி வழியில் சேர்க்கப் போகிறார்களாம். ஐந்தாம் வகுப்பு வந்தால்தான் ஆங்கிலப் பாடமே தொடங்குமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆங்கிலமும் வராமல் தமிழும் தெரியாமல் பிள்ளை திண்டாட மாட்டானா? மகளிடம் எப்படிச் சொல்லித் தடுப்பது?
(ஒரு பாட்டி, தோ பாயோ, சிங்கப்பூர்)

பதில்: தடுக்க வேண்டாம் அம்மா. சேர்க்கட்டும். நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆங்கிலம். ஹொனலூலுவில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் வராமல் போக வழியே இல்லை. பஸ், கடை, கடற்கரை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எங்கே திரும்பினாலும் அதுதான் காதில் விழும். பள்ளி அதை ஐந்தாம் வகுப்பில் முறையாகத் தொடங்கும்போது உங்கள் பேரனுக்குச் சரளமாக வாசிக்கத் தெரிந்திருக்கும். ஹவாய்மொழியை எழுதுவதும் ரோமன் எழுத்தில்தான், அதனால் வாசிப்புப் பழக்கம் அப்படியே கைகொடுக்கும். இந்த வழியில் படித்த முதல் மாணவர்கள் 1999இல் பள்ளிப்படிப்பை முடித்தார்கள். அப்புறம் பல்கலைக்கழகம் போனவர்கள் உண்டு. படித்த பள்ளிக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தவர்களும் உண்டு. ஹீலோ நகருக்குப் பக்கத்தில் கேயாவ் என்ற ஊரில் நாவாஹி பள்ளி இருக்கிறது. அங்கே எல்லாப் பாடமும் ஹவாய்மொழியில் நடக்கிறது, அதோடு ஜப்பானிய மொழியும் லத்தீனும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு மொழி வந்தால் முன்னால் வந்த மொழி போய்விடும் என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது மாப்பிள்ளை பக்கம். அவருடைய தாத்தா, பூட்டன் காலத்தில் என்ன நடந்தது என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். ஹவாய் தனி அரசாக இருந்தபோது பிள்ளைகள் சொந்த மொழியில் படித்தார்கள். 1834இல் லஹாய்னாலூனா பள்ளியின் அச்சகத்தில் தொடங்கி 1948 வரை ஹவாய்மொழிப் பத்திரிகைகள் வந்தன. சேர்த்துப் பார்த்தால் ஒரு லட்சம் பக்கத்துக்கு மேல். 1893இல் லிலியுவோகலானி ராணியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். மூன்றே ஆண்டில், 1896இல், பள்ளிகளில் ஆங்கிலம்தான் பயிற்றுமொழி என்று சட்டம் போட்டார்கள். வகுப்பில் ஹவாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அப்படி வளர்ந்தவர்கள் தாய் தந்தை ஆனபோது, தங்கள் பிள்ளைகளும் அடி வாங்கக் கூடாது என்று வீட்டில்கூட அந்த மொழியை விட்டுவிட்டார்கள். 1980களின் தொடக்கத்தில், நீஹாவ் என்ற சின்னத் தீவைத் தள்ளி வைத்துப் பார்த்தால், அந்த மொழியைப் பேசத் தெரிந்த பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை.

இந்த நிலையில் சில ஆசிரியர்கள் 1983இல் கூடி ‘புனானா லேயோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் முந்தைய ஆண்டுதான் தங்கள் மொழிக்குப் பாலர் பள்ளி திறந்திருந்தார்கள். அதைப் பார்த்து இவர்களும் 1984இல் கவாய் தீவின் கெக்கஹா ஊரில் முதல் பாலர் பள்ளியைத் திறந்தார்கள். பெற்றோர் சேர்த்துவிட்டுப் போய்விட முடியாது. அவர்களும் மொழி வகுப்புக்கு வர வேண்டும், பள்ளி வேலைகளில் கைகொடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது பழைய தடை இன்னும் அப்படியே இருந்தது! பெற்றோர் சட்டமன்றத்துக்கு அலைந்தார்கள். 1986இல் தடை நீங்கியது. 1987இல் ஹீலோவில் கெயாவுகஹா தொடக்கப்பள்ளியிலும், ஒவாஹு தீவில் வைஆவ் தொடக்கப்பள்ளியிலும் ஹவாய்மொழி வகுப்புகள் தொடங்கின. இன்று அந்த மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இந்த வகுப்புகள் நடக்கின்றன.

வகுப்பு தொடங்கிவிட்டது, புத்தகம்? இதைப் பற்றி எனக்குச் சொல்லச் சொல்ல அலுக்காது. கடையில் கிடைத்த ஆங்கிலப் படக்கதைகளை வாங்கினார்கள். ஒவ்வொரு பக்கத்தின் வரியையும் ஹவாய்மொழியில் எழுதி, தட்டச்சு செய்து, அளவாகக் கத்தரித்து, ஆங்கில வரியின் மேல் ஒட்டினார்கள். படம் அப்படியே இருக்கும், கீழே ஒட்டிய தாள் லேசாகப் புடைத்திருக்கும். ஆசிரியர்கள் ஒட்டினார்கள், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த அம்மா அப்பாக்களும் ஒட்டினார்கள். உங்கள் பேரன் கையில் வரப்போகும் அச்சிட்ட பாடநூலுக்குப் பின்னால் இத்தனை பேருடைய இரவு இருக்கிறது. அதில் அவனுக்கும் பங்கு உண்டு அம்மா. அதை அவனுக்கு நாம் மறுக்கலாமா?

இப்போது உங்கள் வேலை. தமிழ் உங்கள் கையில் இருக்கிறது. நமக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்றால் அங்கே வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. பள்ளி விட்டு வந்திருப்பான், பசியோடு இருப்பான், பேசுவதற்கு நல்ல நேரம். “சாப்பிட்டியா, படிச்சியா” என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிடாதீர்கள். ஃபோனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவுங்கள், மாவு கரையுங்கள், செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். எத்தனை கரண்டி ஊற்றினேன் என்று அவனை எண்ணச் சொல்லுங்கள். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் திட்டாதீர்கள், நீங்கள் மட்டும் தமிழை விடாதீர்கள். ஒரு வகையில் உங்களுக்கு வசதிதான். வீட்டில் ஏற்கனவே ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிக்கு மரியாதை இருக்கிறது. பள்ளிக்கு ஒரு மொழி, பாட்டிக்கு ஒரு மொழி என்பது அந்த வயதுப் பிள்ளைக்கு வினோதமாகவே தெரியாது.

கேள்வி: ஹவாய்மொழியைக் கொஞ்சம் பேர்தான் பேசுகிறார்கள். அதற்கு அரசாங்கப் பள்ளியில் தனி ஆசிரியர், தனிப் புத்தகம், தனித் தேர்வு என்று மக்கள் பணத்தைச் செலவு செய்வது நியாயமா? ஆசைப்படுகிறவர்கள் தனியாகப் பணம் கட்டிப் படிக்கலாமே.
(ஒரு வாசகர், பிடோக்)

பதில்: கொஞ்சம் பேர் ஆனது எப்படி என்று மேலே எழுதியிருக்கிறேன். சட்டம் போட்டு, அரசாங்கப் பள்ளியை வைத்தே குறைத்தார்கள். எந்தப் பள்ளியால் போனதோ அந்தப் பள்ளி வழியாகவே திரும்ப வர வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

பணக் கணக்கையும் பார்ப்போம். அந்தப் பிள்ளை எப்படியும் பள்ளிக்குப் போகத்தான் போகிறது. ஆசிரியருக்குச் சம்பளம், மேசை நாற்காலி, புத்தகம் எல்லாம் ஆங்கில வகுப்பிலும் உண்டு. கூடுதலாக ஆவது பாடநூல் ஆக்கம், ஆசிரியர் பயிற்சி, தேர்வுத்தாள். தேர்வை முதலில் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சரியாக வரவில்லை. பிறகுதான் ஹவாய்மொழியிலேயே சிந்தித்து எழுதிய தேர்வை மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தார்கள். பிள்ளை எந்த மொழியில் கணக்குப் படித்ததோ அந்த மொழியில்தானே அதைச் சோதிக்க வேண்டும்? அந்தப் பெற்றோரும் வரி கட்டுகிறவர்கள்தான்.

சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. 1978இல் ஹவாய் மாநில அரசமைப்பைத் திருத்தி, ஹவாய்மொழியை ஆங்கிலத்தோடு அதிகாரத்துவ மொழி ஆக்கினார்கள். ஹவாய்மொழிக் கல்வியை மாநிலம் வளர்க்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். எழுதியது போதாது என்பதுதான் பிறகு தெரிந்தது. லானாய் ஒரு சிறிய தீவு, அங்கே இருப்பதே ஒரு பள்ளி. தன் இரண்டு மகள்களுக்கு ஹவாய்மொழி வழி வகுப்பு வேண்டும் என்று அங்கிருந்த ஒரு தாய் கேட்டார். ஆசிரியர் கிடைக்கவில்லை என்றார்கள். அவர் நீதிமன்றம் போனார். 2019இல் மாநில உச்ச நீதிமன்றம், அந்த வகுப்பு கிடைக்க நியாயமான எல்லா முயற்சியையும் மாநிலம் எடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. கூடுதல் ஊதியம் கொடுத்து ஆசிரியரை வரவழைக்கலாம், பகுதிநேர ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஊர்க்காரர்களைத் துணைக்கு அழைக்கலாம் என்று வழிகளையும் காட்டியது. ஆள் இல்லை என்று கையை விரித்துவிட முடியாது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

நம் ஊரிலும் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான் ஐயா. பள்ளியில் தமிழ் இல்லாவிட்டால் பிள்ளை வேறொரு நிலையத்துக்குப் போய்ப் படிக்க ஏற்பாடு இருக்கிறது. அந்தச் செலவு வீண் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது.

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 5. தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள். ஆனால் வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் பேச மாட்டாள். ஹவாய் மாதிரி நமக்கும் தமிழ்வழிப் பள்ளி வந்தால் சரியாகுமா?
(ஒரு தந்தை, செங்காங்)

பதில்: நமக்கும் தமிழ்வழிப் பள்ளிகள் இருந்தன. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. உயர்நிலையில் அதுதான் கடைசி. நம் மொழியை யாரும் தடை செய்யவில்லை. வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள், தமிழ்ப் பள்ளி காலியானது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிழைப்பு அப்படி. அந்தப் பெயர் இன்று பீட்டி சாலையில் உள்ள தமிழ்மொழி நிலையத்தில் இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளி மறுபடி வருமா என்றால், இப்போதைக்கு வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் மகளிடம் நீங்கள் பார்ப்பதை நான் பணி ஓய்வு பெறும்வரை வகுப்பில் பார்த்தேன். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டு, சுற்றுப்புறத் தூய்மை பற்றி ஒரு மாணவி அழகாகப் பேசுவாள். “சரிம்மா, போகலாம்” என்பேன். எழுந்த அடுத்த நொடி, தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று ஆங்கிலத்தில் கேட்பாள். அவளுக்குத் தமிழ் தெரியும். தமிழ் தேர்வுக்கு, தண்ணீருக்கு ஆங்கிலம் என்று நாம்தான் பழக்கிவிட்டோம். ஹவாய் வகுப்பில் அந்தப் பிரிவினை கிடையாது. கணக்கும் அதில்தான், தோட்டத்தில் மண் வெட்டுவதும் அதில்தான், சண்டை போடுவதும் சமாதானம் ஆவதும் அதில்தான்.

அந்தப் பள்ளி நமக்கு இல்லை, அந்த வழி இருக்கிறது. பாடம் அல்லாத ஒரு காரியத்தைத் தமிழுக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு மகளை அழைத்துப் போங்கள். பட்டியலை அவள் தமிழில் எழுதட்டும், மீன்கார அண்ணனிடம் அவளே கேட்கட்டும், மீதிக் காசை அவளே எண்ணி வாங்கட்டும். அவள் கட்டுரைப் பயிற்சி போல நினைக்காமல் இருக்க, நடுவில் திருத்தாதீர்கள். ணகர னகரம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் சின்னத் தம்பி தங்கை இருந்தால் தமிழ் பேசும் ஆசிரியை உள்ள பாலர் பள்ளியாகத் தேடுங்கள். ஹவாய்க்காரர்கள் முதலில் கைவைத்ததே அந்த வயதில்தான். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. காத்திருக்க நேரம் இல்லை ஐயா, இந்த ஞாயிறே போங்கள்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் பாலர் கல்வி படிக்கிறேன். தமிழ் பிரிவுக்குப் போகலாம் என்று ஆசை. நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
(ஒரு மாணவி, உட்லண்ட்ஸ்)

பதில்: போம்மா, தைரியமாகப் போ. ஹவாயில் சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். வகுப்பு திறக்க முடியாமல் போவது ஆசிரியர் இல்லாததால்தான். ஹீலோவில் உள்ள பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஆசிரியர் பயிற்சி நடத்தியும் ஆள் போதவில்லை. நல்ல மொழியும் வேண்டும், பிள்ளைகளோடு தரையில் உட்காரும் பொறுமையும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பது எங்கேயும் அரிது.

ஆனால் முடிவெடுக்கும் முன் இந்த விடுமுறையில் ஒரு பாலர் பள்ளியில் உதவிக்குப் போய்ப் பார். காலை வந்ததிலிருந்து போகும்வரை பிள்ளைகளோடு தமிழ் மட்டும் பேசு. கை கழுவுவது, காலணி மாட்டுவது, பொம்மைக்கு அடிபிடி, எல்லாவற்றுக்கும். எந்த இடத்தில் உனக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் ஆங்கிலம் வருகிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வை. அந்த நோட்டை எனக்கு அனுப்பு, இருவரும் சேர்ந்து பார்ப்போம்.