மூச்சு எங்கே வாங்குவது?

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டைக்காரன். சிறுவயது முதல் கோவில் கொயரில் (சேர்ந்து பாடும் குழு) பாடுகிறேன், இப்போது டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல். வாத்தியமே இல்லாமல் பாடும் குழு ஒன்று புதிய பாட்டுகள் அனுப்பலாம் என்று அறிவித்திருக்கிறது. கண்ணதாசன் கவிதை ஒன்றை நாலு குரலுக்கு எழுதியிருக்கிறேன். நொட்டேஷனும் கணினி வாசித்த பதிவும் இணைத்துள்ளேன். முன்பு வேறு குழுக்களுக்கு அனுப்பிய இரண்டுக்கும் பதில்கூட வரவில்லை. அறிமுகக் கடிதம் எப்படி எழுதுவது? தமிழுக்கு ஹார்மனி, அதாவது வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்துப் பாடுவது, ஒட்டாது என்கிறார்களே, அதனால்தான் ஒதுக்குகிறார்களா?

எம்.

அன்புள்ள எம்,

இசை பற்றி வரும் கடிதங்களைப் பெரும்பாலும் படித்து வைத்துவிடுவேன். இது தை மாதம். குன்றக்குடிச் சாலையில் காவடிக்காரர்கள் பாடிக்கொண்டு போவதைக் கேட்டபடி இருந்த நாளில் உங்கள் கடிதம் வந்ததால் எழுதுகிறேன்.

சில்லறையை முதலில் முடித்துவிடுவோம். அறிமுகக் கடிதம் நாலு வரி போதும்: பாட்டின் பெயர், எத்தனை நிமிடம், எந்தெந்தக் குரல், சொற்கள் யாருடையவை. உங்கள் இசைப் பயணமெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். ஹார்மனி ஒட்டுமா என்பதை இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரை வைத்துப் பாரதியைப் பல குரலில் பாடவைத்தபோதே தீர்த்துவிட்டார். அவர் மறைந்தது 1988இல். இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி?

கண்ணதாசன் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. சிறுகூடல்பட்டி நமக்குப் பக்கம் என்பதால் அவர் கவிதை நம் கொல்லைக் கீரை ஆகிவிடாது. கவிஞர் போனது 1981இல். நம் சட்டப்படி அதற்குப் பின் 60 ஆண்டு, அதாவது 2041 முடியும்வரை, உரிமை உள்ளவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமல் பொறுப்புள்ள குழு எதுவும் மேடையேற்றாது. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் பாரதியிடம் போங்கள். அவர் பாட்டுகளின் உரிமை ஒருகாலத்தில் நம் காரைக்குடி ஏவி.எம். செட்டியாரிடம் இருந்தது, அவர் விட்டுக்கொடுத்தார், 1949இல் நாட்டுடைமை ஆயிற்று.

இனி பாட்டு. கணினிக்கு நுரையீரல் கிடையாது, தம்பி. 9ஆம் பாரிலிருந்து (தாளக் கட்டம்) 14 வரை பெண்களின் மேல்குரலான சோப்ரானோவுக்கு ஓர் இடைவெளிகூட இல்லை. நிமிடத்துக்கு 60 தட்டு, பாருக்கு நாலு தட்டு. ஆறு பார், 24 வினாடி. அதுவும் உரக்க! ஒருமுறை நீங்களே பாடிப் பார்த்தீர்களா?

என் அப்பச்சி காவடி எடுப்பவர். பையனாக அவரோடு பழனிக்கு நடந்திருக்கிறேன். சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகிற சாலை, விடிய இன்னும் நேரம் இருக்கும், காலில் செருப்பு கிடையாது. பாட்டு ஓயவே ஓயாது. ஆனால் யாரும் தொடர்ந்து பாடுவதில்லை. முன்னால் போகும் பெரியவர் அரை வரி எடுப்பார், இழுக்கமாட்டார். மீதியைக் கூட்டம் வாங்கிக்கொள்ளும். அதற்குள் அவர் நெஞ்சை நிரப்பிக்கொள்வார். சித்தப்பா இருமலில் ஒரு சொல்லை விட்டால் பின்னாலிருந்து யாரோ அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஏற்றம் வந்தால் வரி தானாகக் குறுகி ‘வேல் வேல்’ மட்டும் நிற்கும். அந்தப் பாட்டுகளை நடந்தவர்கள் கட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கட்டியிருந்தால் நத்தம்வரைகூட வந்திருக்காது.

பக்கத்தில் நிற்பவர் வாங்காத நேரத்தில் நாம் மூச்சு வாங்கிச் சமாளிக்கலாமே என்பீர்கள். சென்னையில் ஒரு குழுவில் ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் பாடியவன் நான், அந்த வித்தை தெரியும். நீண்ட ‘ஆ’வுக்கு அது சரி. வரிக்கு வரி சொல் நிறைந்த இடத்தில், குரலுக்கு மூன்று பேர் நிற்கும் சின்னக் குழுவில், சொல் சிதறிப்போகும்.

பேஸுக்குப் பியானோவின் நடு ஸி சுரத்திலிருந்து இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஸியை எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான குழுக்களில் அதற்கு மேலே ஈ, எஃப் பக்கத்திலேயே எங்கள் தொண்டை நின்றுவிடும். 18ஆம் பாரில் டெனர் நுழையும் சுரம் அதற்கு முன் எந்தக் குரலிலும் ஒலிக்கவே இல்லை. வாத்தியமும் இல்லை. பாவம், எங்கிருந்து எடுப்பான்? நீங்களே டெனர், இதைச் செய்யலாமா?

நாலு குரலையும் தனித்தனியாக, நடந்துகொண்டே பாடுங்கள், பெண் குரல்களை ஒரு ஸ்தாயி இறக்கி. முட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு உங்கள் கொயரில் எட்டுப் பேரைப் பிடித்து, ஆரம்பச் சுரத்தை மட்டும் கொடுத்துப் பாடவிட்டு, கடைசியில் சுருதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். குழு பதிவு கேட்டால் அந்த எட்டுப் பேர் பாடியதைப் பதிந்து அனுப்புங்கள், நடுவில் யாராவது தும்மியிருந்தாலும் பரவாயில்லை.

22ஆம் பாரில் ஆல்டோவும் (பெண்களின் கீழ்க்குரல்) டெனரும் உரசி விலகும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அனுமதிக் கடிதத்துக்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள்.