40 பிட்டுக்கு மேல் என்கிரிப்ஷன் போட்டால் கேஸ் வருமா?

காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி கல் வியாபாரம் செய்யும் வாசகர் கேட்கிறார்: கடையில் லினக்ஸ் சர்வர், அதில் பில்லிங்கும் சிங்கப்பூர், மலேசியா வாடிக்கையாளர் விவரங்களும், டிஸ்க் முழுக்க என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைப்பது). அந்தச் சாவியின் நீளம் 40 பிட்டுக்கு மேல் போனால் அனுமதி வாங்கி, சாவியை அரசிடம் கொடுக்க வேண்டுமாமே? பாஸ்வேர்டு சர்வர் போட்டுக்கொடுத்த பையனிடம்தான் இருக்கிறதாம்.

அனுமதியெல்லாம் வேண்டாம், பயப்படாதீர்கள். அந்த 40 பிட் கதை முழுப் பொய்யும் இல்லை. இணைய இணைப்பு தரும் நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை கொடுத்த பழைய உரிமத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது, சாவியை இரண்டு துண்டாக ஒப்படைக்க வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார்கள். ஆனால் அது உரிமம் வாங்கியவருக்கும் துறைக்கும் நடுவில் உள்ள விவகாரம். கல் வியாபாரியை உள்ளே தள்ளும் சட்டம் அல்ல. ரிசர்வ் வங்கியே 2001-ல் இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் என்று சொல்லிவிட்டது, அப்புறம் என்ன? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 84ஏ பிரிவில் என்கிரிப்ஷன் முறைகளை வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. 2015 செப்டம்பரில் வரைவுக் கொள்கை ஒன்றும் வந்தது, என்கிரிப்ட் செய்யாத நகலை 90 நாள் வைத்திருக்கச் சொன்னது, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் வாபஸ்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவுக்கு. நாட்டுப் பாதுகாப்பு, குற்ற விசாரணை போன்ற காரணங்களுக்காக உள்துறைச் செயலாளர் மட்டத்திலிருந்து எழுத்தில் ஆணை வந்தால், சர்வருக்குப் பொறுப்பானவர் அதைத் திறந்து காட்ட உதவியாக வேண்டும். மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. யாரோ போனில் கேட்பது இந்த ஆணை ஆகாது. பொறுப்பானவர் நீங்கள், பாஸ்வேர்டோ பையனிடம். வீட்டு இரும்புப்பெட்டிச் சாவியைப் பெட்டி செய்த ஆசாரியிடமே விட்டுவைப்பீர்களா?

என்கிரிப்ஷனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் விவரத்தைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது, அதன் விதிகள் என்கிரிப்ஷனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன.

சரி, இந்த வாரமே பையனைக் கூப்பிட்டு, உங்கள் கண்முன்னே பாஸ்வேர்டை மாற்றி, அவரிடம் இருந்த பழையதை நீக்கச் சொல்லி, ஒப்படைத்ததாக எழுதி வாங்குங்கள். நட்பு கெடும் என்று பார்க்காதீர்கள்.