கழுத்தில் பிளந்ததா, அடியில் பிளந்ததா? பித்தளை விரிசல் பற்றிய கேள்வி பதில்

முப்பது ஆண்டுகள் உலோகச் சோதனைக்கூடத்தில் உடைந்த பொருள்களைப் பார்த்தே பிழைத்தவன் நான். இப்போது கடலூர் முதுநகரில் ஓய்வாக இருக்கிறேன். தோட்டாக் கூட்டின் (மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறை) விரிசல் பற்றி ஒருவர் கேட்டார் என்று இரண்டு வரி சொல்லப்போக, குடம், விளக்கு, படகு என்று கேள்விகள் குவிந்துவிட்டன. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நான் முத்தியால்பேட்டைக்காரன். பிரான்சில் வேலை, அங்கே உரிமத்துடன் துப்பாக்கி சுடுதலில் ஈடுபட்டிருக்கிறேன். சுட்ட கூடுகளைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்துகிறேன். ஐந்தாம் முறை சுட்டபோது இருபதில் மூன்று கூடுகள் கழுத்தில் நெடுக்காகப் பிளந்துவிட்டன. துப்பாக்கியில் பழுதா?

துப்பாக்கியைத் திட்டாதீர்கள் தம்பி. தோட்டாக் கூட்டுப் பித்தளையில் நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது துத்தநாகம். நன்றாக இழுபடும் கலவைதான். ஆனால் தட்டத் தட்ட இறுகும். பாத்திரம் அடிக்கும் எந்தக் கன்னாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். சுடும்போது குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து விரிகிறது, பழைய அளவுக்குக் கொண்டுவரும் அளவு அச்சில் விட்டால் சுருங்குகிறது, குண்டைச் செருகும்போது மறுபடி விரிகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இது. நெடுக்காக, கழுத்தில் மட்டும், பல முறை சுட்ட கூட்டில் வந்தால் அது மூப்பு. பிளந்த மூன்றையும் நசுக்கிப் பழைய பித்தளையோடு போடுங்கள். மற்ற பதினேழும் அதே வயதுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் சூடுகாட்டி இளக்கலாமா? இளக்கியதும் தண்ணீரில் போட்டால் மறுபடி கடினமாகிவிடும் என்கிறாரே நண்பர்?

இளக்கலாம். பிளப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது. பிளந்ததை எந்தச் சூடும் ஒட்டவைக்காது. தண்ணீர் பற்றி நண்பர் சொல்வது இரும்புக் கொல்லர் பட்டறைப் பாடம். உருக்கைக் காய்ச்சி நீரில் முக்கினால் இறுகும். இந்தப் பித்தளைக்கு அந்தக் குணம் கிடையாது. நனைத்தாலும் நனைக்காவிட்டாலும் பதம் ஒன்றே. தண்ணீரின் வேலை வேறு: சூடு கீழே இறங்காமல் தடுப்பது. கழுத்தும், அதற்குக் கீழே சரிந்து அகலும் தோளும் இளகலாம், அடிப்பகுதி இளகவே கூடாது. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது இறுகிய அடிதான். கூடு முழுவதையும் அடுப்பில் போட்டுச் சுட்டெடுத்தேன் என்று ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். அந்தக் கூடுகளை அவர் அன்றே குப்பையில் போட்டிருந்தால் நல்லது.

என் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். பிரான்சில் அவர் வீட்டில் லெபெல் துப்பாக்கியின் 8 மில்லிமீட்டர் தோட்டாக்கள் ஒரு பெட்டி கிடைத்தன. ஒருமுறைகூடச் சுடாதவை. ஆனாலும் பல கூடுகளில் கழுத்து பிளந்திருக்கிறது. சும்மா இருந்த பித்தளை எப்படிப் பிளக்கும்?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். இதன் விடை நம் நாட்டு மழைக்காலத்தில் இருக்கிறது.

பிரிட்டிஷ் இராணுவம் இந்தியாவில் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கூடுகள் பிளந்திருக்கும். பருவத்தோடு வந்து போனதால் பருவ விரிசல் என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். காரணம் 1921-இல்தான் தெளிவானது. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் அதை விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரம், கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பிளவு. ஒன்று குறைந்தாலும் பிளக்காது. ஆகவே உருவாக்கி முடித்தபின் மிதமாகச் சூடுகாட்டி அந்த இறுக்கத்தைப் போக்கினார்கள். தொல்லையும் பெரிதும் குறைந்தது.

எங்கள் கூடத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு. சந்தேகப்படும் பித்தளையைப் பாதரச நைட்ரேட் கரைசலில் முக்கிவைப்போம். ஒருமுறை பளபளவென்று ஒரு கிண்ணம் வந்தது, குறையே சொல்ல முடியாது. முக்கிவிட்டுத் தேநீர் குடிக்கத் திரும்பினேன். கண்ணாடித் தொட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழைபோல ஒரு கோடு. யாரும் தொடவில்லை. உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் தன் வழியைத் தானே கண்டுகொண்டது.

உங்கள் தாத்தாவின் தோட்டாக்களைச் சுடவும் வேண்டாம், பிரித்துக் கூட்டை மீட்கவும் வேண்டாம். பழைய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) சிலவற்றில் பாதரசம் இருக்கும். சுட்டபின் அது பித்தளையில் ஊறி நொறுங்கவைக்கும். அங்குள்ள காவல்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். மாமியார் கொடுத்த பித்தளைக் குடம் மாட்டுக்கொட்டகைப் பரணில் நாலு வருடம் இருந்தது. இறக்கினால் கழுத்தடியில் விரிசல். கீழே விழவே இல்லை ஐயா.

மேலே சொன்ன லாயத்தின் கதைதான் அம்மா, குதிரைக்குப் பதில் மாடு. பழுது உங்கள் கையில் இல்லை. மாமியாரிடம் இதைக் காட்டலாம். பற்றவைத்துக் கொள்ளலாம். ஆனால் விரிசலின் இரு முனையிலும் சிறு துளை இடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது மேலே ஓடும். சாதாரண ஈயப் பற்று வைத்த குடத்தில் குடிநீர் பிடிக்க வேண்டாம்.

வில்லியனூர் சொந்த ஊர், ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலை. காட்டுப்பன்றிகளுக்காகப் பழைய .303 லீ-என்ஃபீல்டு வைத்திருக்கிறேன். மூன்றாம் நிரப்பலிலேயே கூட்டின் அடியை ஒட்டி வட்டமாக ஒரு பளபளப்புக் கோடு. கழுத்து நன்றாகவே இருக்கிறது. பயன்படுத்தலாமா?

கூடாது. இன்றைய கேள்விகளில் கவலைப்பட வைத்தது இதுதான்.

நெடுக்குப் பிளவு பெரும்பாலும் மூப்பு. குறுக்குக் கோடு என்றால் கூடு நீளவாட்டில் இழுபடுகிறது என்று பொருள். .303 கூட்டுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு பிடித்துக்கொள்வதால், தோளுக்கு முன்னே அறையில் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் இடம்) இடைவெளி தாராளமாக இருந்தாலும் துப்பாக்கி சுடும். அந்த இராணுவத் துப்பாக்கிகளில் அறை தாராளமாகவே இருக்கும். சுடும்போது கூட்டின் முன்பகுதி அறைச் சுவரைப் பற்றிக்கொள்கிறது, அடி பின்னால் தள்ளப்படுகிறது. நடுவில் மெலிவது அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் உள்ள சுவர். நீங்கள் ஒவ்வொரு முறையும் கூடு முழுவதையும் சுருக்கும் முழுநீள அச்சில் விட்டுத் தோளைப் பழைய இடத்துக்கே இறக்குகிறீர்கள். அடுத்த வெடிப்பில் அது மறுபடி இழுபடுகிறது. ஒருநாள் அடி தனியே கழன்று, கொதிக்கும் வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும்.

வெளிக்கோடு சில சமயம் அச்சு உரசிய தடமாகவும் இருக்கலாம். உறுதி செய்ய ஒரு மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, கூர்மையாக்கி, கூட்டுக்குள் அடிவரை விட்டுச் சுவரோடு உரசியபடி மேலே இழுங்கள். நல்ல சுவரில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த இடத்தில் பள்ளத்தில் இறங்கித் தடுக்கும், விரலுக்குத் தெரியும். நம்பிக்கை வராவிட்டால் ஒரு கூட்டை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். தடுக்கினால் அந்தத் தொகுதி முழுவதையும் கழித்துவிடுங்கள். புதுக் கூடுகளில் முதல்முறை சுட்ட பிறகு கழுத்தை மட்டும் சுருக்குங்கள், தோளைத் தொடாதீர்கள். அதற்கு முன் ஒரு துப்பாக்கிக் கொல்லரிடம் அறையை அளந்துவிடச் சொல்லுங்கள்.

கடலூர் உப்புக் காற்றில் பித்தளை பிளக்குமா?

பச்சை பிடிக்கும், கறுக்கும். பிளப்பதற்கு அம்மோனியா போன்ற ஒன்று வேண்டும்.

கூடுகளைப் பித்தளை மெருகுத் திரவத்தால் துடைக்கலாமா?

சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது, ஆகவே வேண்டாம். நம் வீட்டுப் புளித்தண்ணீர் குத்துவிளக்குக்குப் போதும். கூட்டுக்கும் அதே குணமுள்ள மென் அமிலம்தான் பயன்படுத்துகிறார்கள். நன்றாக அலசிக் காயவையுங்கள்.

நான் இருப்பது மஞ்சக்குப்பம். இங்கேயே நிரப்பிப் பழகலாமா?

தோட்டா தயாரிப்பதற்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். தோட்டாவின் பாகங்களையும் அந்தச் சட்டம் தோட்டாவாகவே பார்க்கிறது. பழக வேண்டாம்.

துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருக்கிறேன். கடல்நீர் வரும் பித்தளை வால்வு இளஞ்சிவப்பாக மாறி, கத்தியால் கீறினால் பொடியாக உதிர்கிறது. இதுவும் அம்மோனியாவா?

இல்லை. துத்தநாகம் அதிகமுள்ள பித்தளையிலிருந்து கடல்நீர் துத்தநாகத்தை மட்டும் உறிஞ்சிவிட்டது. மீதி இருப்பது கடற்பஞ்சு போன்ற செம்பு. உருவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. அடுத்த முறை கடலுக்குப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள். கடையில் கன்மெட்டல் வால்வு என்று கேளுங்கள். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது, ஒரு காலத்தில் பீரங்கி வார்த்த கலவை. விலை கூடுதலாகச் சொல்வார்கள், கொடுங்கள்.