வாக்கெடுப்பா, நகரசபையா? புதுச்சேரி இணைப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கொல்கத்தாவுக்கு அருகே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்தர்நாகூரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. புதுச்சேரியையும் காரைக்காலையும் மட்டும் நகரசபை உறுப்பினர்களின் வாக்கை வைத்தே இந்தியாவோடு சேர்த்தது ஏன்?

பதில்: முடிச்சு, 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவில் இருக்கிறது. அங்குள்ள மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது அது. அதனால் 1948 ஜூனில் டெல்லியும் பாரிஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: வாக்கெடுப்பு எப்போது, எப்படி என்பதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபைகளே முடிவு செய்யும். தெருவிளக்கும் சாக்கடையும் பார்க்க வேண்டிய சபைகளின் தலையில் இறையாண்மைக் கேள்வி விழுந்தது.

கோளாறும் அங்கேதான். பிரெஞ்சு முறையில் பிறப்பு, இறப்புப் பதிவோடு வாக்காளர் பட்டியலும் மேர் (நகரசபைத் தலைவர்) அலுவலகத்தின் பொறுப்பு. சபையைப் பிடித்தவர் பட்டியலையும் பிடித்தார். 1948 அக்டோபர் நகரசபைத் தேர்தலில் எதுவார் குபேரின் சோஷலிஸ்ட் கட்சி வென்றது. அவர் அப்போது பிரெஞ்சு ஆட்சியின் பக்கம். அந்தப் பட்டியலை வைத்து நேர்மையான வாக்கெடுப்பு நடக்கும் என்று இந்தியா நம்பவில்லை. சந்தர்நாகூரில் இந்த இழுபறி இல்லை. 1949 ஜூன் 19 அன்று இணைப்புக்கு 7,473 வாக்கு, எதிராக 114.

பிறகு காற்று திசை மாறியது. 1954 மார்ச் 18 அன்று, வாக்கெடுப்பே இல்லாமல் இணைய வேண்டும் என்று புதுச்சேரி நகரசபைகள் தீர்மானம் போட்டன. குபேரும் அணி மாறினார். பாரிஸுக்கோ தன் சட்டத்தை மீறாமல் வெளியேற ஒரு வழி வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூர் கிராமத்தில் நடந்த வாக்கெடுப்பு: பிரதிநிதி சபை, நகரசபை உறுப்பினர்கள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிர்ப்பு. மக்களை நேரடியாகக் கேட்காதது குறைதான். ஆனால் இரு அரசுகளும் ஒப்புக்கொள்ளக்கூடிய சம்மதம் வேறெதுவும் அன்று கைவசம் இல்லை.

கேள்வி: இணைந்த பிறகும் மேர் முறை நீடித்தது எப்படி?

பதில்: இந்தப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்க இந்தியாவும் பிரான்சும் செய்த 1956 மே 28 ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவுதான் காரணம். நிர்வாகம் இந்தியாவிடம் வந்த 1954 நவம்பர் 1க்கு முன்பிருந்த தனி நிர்வாக அமைப்பு தொடரும், மாற்றுவதானால் மக்கள் விருப்பம் அறிந்தே மாற்றலாம் என்றது அது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 ஆகிவிட்டது. நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் (பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சி அமைப்பு) புதிய சட்டங்கள் 1973இல் வந்தன. ஆனால் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். 1880 முதல் நகரசபைக்கு வாக்களித்துப் பழகிய மக்களுக்கு இது பெரும் அநீதி.