நிலம் கைமாறிய இடத்தில் உறவைத் தேடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நைட் வீரர் ஒருவருடைய பெற்றோர், மனைவி, மக்கள் யார் யார் என்று அறிய முயன்று வருகிறேன். அவருடைய ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் எந்தத் தேவாலயத்தில் கிடைக்கும்?

பதில்: எந்தத் தேவாலயத்திலும் கிடைக்காது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் (பாரிஷ்) பதிவேட்டில் எழுத வேண்டும் என்று மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டதே 1538-இல்தான். அதற்கு முற்பட்டவர்களின் உறவுமுறை பெரும்பாலும் நிலம் கைமாறியபோது மட்டுமே எழுத்தில் ஏறியது. ஆகவே நீங்கள் பின்தொடர வேண்டியது அவருடைய பெயரை அல்ல, அவர் வைத்திருந்த நிலத்தை. தந்தைக்கும் மகனுக்கும் பேரனுக்கும் ஜான் என்றே பெயரிட்ட குடும்பங்கள் அக்காலத்தில் ஏராளம். பெயரை நம்பிப் போனால் மூவரை ஒருவராக எண்ணிவிடுவீர்கள்.

மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் இறந்தால், எஸ்சீட்டர் எனப்பட்ட அதிகாரி அவ்வட்டாரத்து ஆட்களை ஜூரிகளாகக் கூட்டிச் சத்தியம் செய்வித்து, இறந்த நாள், அவர் வைத்திருந்த நிலங்கள், அவற்றுக்குரிய கடமை, அடுத்த வாரிசின் பெயர், வயது ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாங்கினார். 13-ஆம் நூற்றாண்டில் மன்னர் மூன்றாம் ஹென்றி காலத்தில் தொடங்கிய இந்த விசாரணை ஆவணங்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெரும்பகுதிக்கு ஆங்கிலச் சுருக்கங்களும் அச்சாகியுள்ளன. உங்கள் தேடலை இங்கிருந்தே தொடங்குங்கள். ஆனால் அதில் ‘முப்பது வயதும் அதற்கு மேலும்’ என்று கண்டால் அதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் குறித்துவிடாதீர்கள். ஆண் வாரிசு 21 வயதைக் கடந்தவர் என்பதே மன்னருக்குத் தேவைப்பட்டது. மற்றபடி அது ஜூரிகளின் உத்தேசம்தான். பல கவுன்டிகளில் (மாவட்டங்களில்) நிலம் இருந்தால் கவுன்டிக்கொரு விசாரணை நடக்கும். ஒரே வாரிசுக்கு ஒன்றில் ஒரு வயதும் மற்றொன்றில் வேறு வயதும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

மனைவியின் பெயரை விதவைப் பங்கு ஆவணத்தில் தேடுங்கள். கணவரின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு வாழ்நாள் உரிமை. சில பங்கீடுகள் வாயிலை ஒட்டிய அறை, தோட்டத்தில் ஒரு துண்டு, புறாக்கூண்டின் வருமானத்தில் மூன்றில் ஒன்று என்று அளந்து பிரித்திருப்பதைப் படிக்கும்போது, எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண் அந்த வீட்டுக்குள் நடமாடுவதையே காண்பது போல் இருக்கும். ஆண் பிள்ளை இல்லாத நைட்டின் நிலம் பெண் மக்களுக்குச் சமமாகப் பிரிந்ததால், அவர்கள் பெயரும் கணவர்மார் பெயரும் முழுமையாகக் கிடைக்கும். ஆண் வாரிசு இருந்த வீட்டிலோ, நிலம் எதையும் அடையாத இளைய மகன் சுவடே இல்லாமல் மறைந்துபோவான். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

உங்கள் நைட் மன்னரிடமன்றி வேறொரு பிரபுவிடம் நிலம் பெற்றிருந்தால் மேற்சொன்ன விசாரணை நடந்திருக்காது. அப்போது 1195 முதல் நீதிமன்றம் காத்துவந்த நில உடன்படிக்கைப் பிரதிகளை நாடுங்கள். ஒரே தோலில் மூன்று பிரதிகள் எழுதி, நெளிநெளியாக வெட்டி, இரு தரப்பினருக்கும் ஒவ்வொன்று கொடுத்து, அடிப்பகுதியை நீதிமன்றம் வைத்துக்கொண்டது. வழக்குப் பதிவுச் சுருள்களும் உதவும். நிலத்துக்கு உரிமை கோரியவர்கள் பாட்டன், முப்பாட்டன் வரை வம்ச வரிசையை நீதிமன்றத்தில் ஒப்பித்தார்கள்.

கேள்வி: ஒரு லத்தீன் பத்திரத்தில் வரும் ‘நெபோஸ்’ என்ற சொல்லை ஒரு நூல் பேரன் என்றும், மற்றொன்று சகோதரர் மகன் என்றும் பெயர்த்துள்ளன. எது சரி?

பதில்: இரண்டுக்கும் இடமுண்டு, சகோதரியின் மகனையும் அச்சொல் குறிக்கும். நாம் தனித்தனிச் சொல்லால் பிரித்தறியும் உறவுகளை லத்தீன் எழுத்தர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார். அதுபோலவே ‘உறவினரும் வாரிசும்’ என்று எழுதப்பட்டவர் பல வேளைகளில் சொந்தப் பேரனாகவே இருப்பார். பத்திரத்தை எழுதிக் கொடுத்த நில உரிமையாளருக்கு அப்போது மகன் உயிரோடிருந்தாரா, நிலம் எவ்வழியாக அவருக்கு வந்தது என்பவற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நெருங்கிய உறவினர் மணம் புரிய போப் அளித்த சிறப்பு அனுமதிகளையும் பாருங்கள். 1215-ஆம் ஆண்டு லேட்டரன் திருச்சபைச் சங்கத்துக்குப் பின் நான்காம் படி வரையிலான (நான்கு தலைமுறைக்குள் ஒரே மூதாதையரைக் கொண்ட) இரத்த உறவில் மணம் புரிய அனுமதி தேவைப்பட்டதால், தம்பதியர் எத்தனையாவது படியில் உறவினர் என்று அவற்றில் எழுதியிருக்கும்.

கேள்வி: இரண்டு குடும்பங்களின் கேடயச் சின்னம் ஒன்றாக இருந்தால் அவர்கள் ஒரே வம்சம்தானே?

பதில்: அப்படிக் கொள்ள முடியாது. 1385-இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்பில், நீல நிறத்தின் மேல் பொன்னிறச் சாய்பட்டை கொண்ட ஒரே சின்னத்தை சர் ரிச்சர்ட் ஸ்க்ரோப், சர் ராபர்ட் கிராஸ்வெனர் ஆகிய இருவரும் தாங்கி வந்து பெரும் வழக்காயிற்று. 1386-இல் சாட்சி சொன்ன கவிஞர் சாசர், லண்டன் ஃபிரைடே தெருவில் ஒரு விடுதிக்கு வெளியே அந்தச் சின்னம் தொங்கக் கண்டு, ஸ்க்ரோப்பின் சின்னத்தை இங்கே மாட்டியவர் யார் என்று விசாரித்ததாகவும், அது கிராஸ்வெனருடையது என்று விடை வந்ததாகவும், அப்பெயரைத் தாம் கேட்டதே அன்றுதான் என்றும் கூறினார். தீர்ப்பு ஸ்க்ரோப்புக்கே கிடைத்தது. கேடயச் சின்னங்களைக் கண்காணித்த அரச அதிகாரிகளான கட்டியங்காரர்கள் 1530 முதல் கவுன்டிதோறும் சென்று தொகுத்த வம்ச வரைபடங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. அவற்றின் பிற்காலத் தலைமுறைகளை ஓரளவு நம்பலாம், மூத்த தலைமுறைகளை நில ஆவணம் ஒன்று உறுதி செய்யும் வரை பென்சிலால் மட்டும் குறித்து வையுங்கள்.